காசுக்குத் தீட்டில்லை

கலையைப் போஷிக்க ராஜ வம்சம் எதற்கு, லேவாதேவி தெரிந்தால் போதாதா என்று காட்டியவர்கள் செட்டிநாட்டார். அவர்களில் மகன் முத்தையா செட்டியார் 1933-இல் சென்னை மாநகராட்சியின் மேயர். தந்தை அண்ணாமலை செட்டியார் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் கண்டவர். தமிழ்நாட்டில் தமிழில் பாடச் சொல்ல ஒரு சங்கம் தேவைப்பட்டது. அதற்கும் எதிர்ப்பு வேறு!

அந்தச் சண்டை 1946-இல் திருவையாற்றுக்கே வந்தது. தியாகராஜர் ஆராதனையில் பாடகர் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழில் பாடிவிட்டார். சந்நிதி தீட்டாகிவிட்டது என்று சர்ச்சை கிளம்பியது. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஊர் அது. அங்குள்ள சிவன் ஐயாறப்பர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தமிழ்தான் கேட்கிறார். அவர் தினமும் குளிப்பது அபிஷேகத்துக்காக, தீட்டுக் கழிக்க அல்ல.

சரபோஜி அழைத்தும் அரண்மனைப் பக்கம் போகாமல் உஞ்சவிருத்தி எடுத்தவர் தியாகராஜர். அவர் சமாதி முன்னே பாட்டுக்குத் தீட்டுப் பார்த்தவர்கள், நன்கொடைக்குப் பார்த்ததாகக் கேள்வியில்லை.

இன்று செட்டிநாட்டார் வழியில் கடை, கவுன்சிலர் பதவி, சங்கீத ஆசை மூன்றும் ஒருங்கே வாய்த்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மேடையேறிப் பொன்னாடை போர்த்துவதில் அவர்களுக்கு அலுப்பே வருவதில்லை. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வித்வான் நடந்து வரும் தெருவில் விளக்கு எரியட்டும், சபா வாசல் சாக்கடையில் அடைப்பு எடுங்கள், படித்துறையைப் பெருக்கச் சொல்லுங்கள். பொன்னாடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.