கார்டு வந்துச்சு, ஆளு வந்தானா?

வாடா பேராண்டி, உக்காரு. பெங்களூரு பீன்யாவுல உன் கம்பெனியில இனிமே பாஸ்வேர்டே கிடையாதாமே? கார்டைக் காட்டினா கம்ப்யூட்டர் திறந்துக்குமாம். உங்க பாட்டி தெரு பூராவும் சொல்லிட்டு வந்துட்டா. நல்ல வேலைதான். கிரீஸ் கையால நீளமா பாஸ்வேர்டு அடிக்க எவனால முடியும்? அடிக்கிறவனும் அதைத் துண்டுச்சீட்டுல எழுதி கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருப்பான்.

ஆனா நான் டைம் ஆபீஸ்காரன். 1970-கள்ல இந்தப் பீன்யா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முளைச்சு வளர்ந்த காலத்து ஆளு. அப்ப பஞ்ச் கிளாக்கு. தர்மபுரிக்காரன் பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள அவன் கார்டு எட்டு மணிக்கே வேலையில சேர்ந்திருக்கும். கூட்டாளிதான் குத்தினவன். யாரும் கண்டுக்கலையானு கேக்காதே. டீ வாங்கிக் கொடுத்தவனைக் காட்டிக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை.

சரி, உன் கதைக்கு வருவோம். கடைக்காரன் உங்களுக்கு என்ன கார்டு கொடுத்தான்னு பார்த்தியா? 125 கிலோஹெர்ட்ஸ் பழைய ரகம்னா, யார் ரீடரை நீட்டினாலும் தன் நம்பரைச் சொல்லிடும். நகல் எடுக்கிற கருவி ஆன்லைன்லயே கிடைக்குது. அதுலயும் 26 பிட்டுன்னா கம்பெனிக் குறிக்கு 8 பிட்டு, ஆள் நம்பருக்கு 16 பிட்டு. 65,536 நம்பருக்கு மேல இல்லை. உன் நம்பரைத் தூக்கிட்டு இன்னொருத்தன் எங்கயோ திரியறான். 13.56 மெகாஹெர்ட்ஸ் வாங்கிட்டேன்னு நெஞ்சை நிமித்தாதே. அந்த ரகத்துல வர்ற மைஃபேர் கிளாசிக் கார்டோட பூட்டை 2008-லயே நெதர்லாந்துல நைமேகன் பல்கலைக்கழகத்துக்காரங்க உடைச்சுக் காட்டிட்டாங்க. டெஸ்ஃபயர் கார்டா கேளு. அதை வாங்கிட்டு, ரீடர் வெறும் சீரியல் நம்பரை மட்டும் படிச்சுதுன்னா காசு தண்டம். கடைக்காரன் கன்னடத்துல 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்பான். விலையில பண்ணச் சொல்லு.

என்ன முழிக்கிறே? ரிட்டயர் ஆனவனுக்கு யூடியூப்தானே உத்தியோகம்.

ஒரு சோதனை பண்ணிப் பாரு. நோட்பேடைத் திறந்து வெச்சுக் கார்டைக் காட்டு. நம்பர் தானா விழுந்துதுன்னா, உன் ரீடர் கீபோர்டு வேஷம் கட்டியிருக்கு. அந்த நம்பரையே பாஸ்வேர்டா வெச்சியோ, கார்டே வேண்டாம், கையால அடிச்சாலே போதும். எல்லா ரீடரையும் ஒரே மாதிரி செட் பண்ணு. ஒண்ணு ஹெக்ஸாவும் இன்னொண்ணு டெசிமலாவும் அனுப்பினா, ஒரே முருகேசன் ஸ்டோர்ல ஒருத்தன், டிஸ்பேச்ல வேறொருத்தன்.

அப்புறம் அந்தத் தின் கிளையன்ட்டு. வேலையெல்லாம் சர்வர்ல நடக்குது, மேசை மேல இருக்கிறது சும்மா பேருக்கு ஒரு பெட்டி. நீ புத்திசாலித்தனமா ரீடரை யுஎஸ்பி ரீடைரக்‌ஷன்ல சர்வர் செஷனுக்குத் தள்ளி விடுவே. உள்ளே நுழையாதவனுக்கு ஏதுடா செஷன்? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதை. கார்டைப் படிக்கிற சாஃப்ட்வேர் பெட்டிக்குள்ளயே இருக்கணும். உன் பெட்டியோட ஃபர்ம்வேர் அதை ஏத்துக்குமானு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கேளு.

ரீடரை இரும்பு மேசை மேல ஒட்டாதே, பக்கத்துல உலோகம் இருந்தா படிக்கத் திணறும். 2014 மார்ச்சுல மெட்ரோ பீன்யாவுக்கு வந்ததுலேர்ந்து பாதிப் பேர் பையில மெட்ரோ கார்டு வேற. ரெண்டையும் ஒரே உறையில வெச்சுக் காட்டினா எதைப் படிக்கும்னு ரீடருக்கே தெரியாது.

ஷிப்டுல முதல் தடவை கார்டைத் தட்டும்போது ரகசியப் பின் நம்பரும் கேளு. அப்புறம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வெறும் தட்டு போதும்னு விடு, பசங்க சந்தோஷமா இருப்பானுங்க. எழுந்து போனா மறுபடி தட்டிப் பூட்டணும். மறந்துட்டு டீக்குப் போறவனுக்குக் கொஞ்ச நேரத்துல தானா பூட்டிக்கணும். கார்டு தொலைஞ்சா ராத்திரி ஷிப்டுலயும் அதை முடக்க ஒரு ஆள் இருக்கணும். உன் போன் நம்பரை மட்டும் கொடுத்துடாதே, உங்க பாட்டிதான் எடுத்துப் பேசுவா.

எம்.டி.க்கு மட்டும் இந்தப் பின் நம்பர் வேண்டாம், பெரிய மனுஷர், தொந்தரவுன்னு மேனேஜர் வந்து காதைக் கடிப்பார். எதிர்த்துப் பேசாதே. 'சரிங்க சார், ஒரு ஈமெயில் மட்டும் போட்டுடுங்க'ன்னு பணிவா சொல்லு. உடனே அவருக்கு வேற அவசர வேலை ஞாபகத்துக்கு வருதா இல்லையா பாரு.