வெறும் விரல்

கேள்வி: சிறையில் இருப்பவர்களுக்கு வாக்குரிமை தரலாமா?

பதில்: விசாரணைக் கைதிகளுக்குக் கட்டாயம் தர வேண்டும். நம் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அவர்கள்தான்; குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு அவர்களையும் சேர்த்தே தடுக்கிறது. ஜாமீன் கிடைத்தவர் வெளியே வந்து விரலில் மை வைத்துக்கொள்கிறார். அதே வழக்கில், ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வழியில்லாத கூலிக்காரர் உள்ளே வெறும் விரலோடு உட்கார்ந்திருக்கிறார். வயிறு எரிகிறது! 2024-ல் விசாரணைக் கைதியான காஷ்மீர் அரசியல்வாதி இன்ஜினீயர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே பாராமுல்லாவில் நின்று எம்.பி. ஆனார். நிற்கலாம், ஜெயிக்கலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. தண்டனை பெற்றவர்கள் விஷயத்தில் வேண்டுமானால் வாதாடிக்கொள்ளலாம். ஆனால் குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில் உள்ளே இருப்பவருக்குக்கூடத் தபால் ஓட்டு உண்டு. அந்த உறையைப் பக்கத்து அறைக்கும் கொடுங்கள்.