விசில் வாங்கிட்டு வந்த மருமவனுக்கு

வாங்க ரெஃப்ரி சார்! பரீட்சையில பாசாயிட்டியாம்லா? ஒங்கம்மா தெரு பூரா சொல்லிட்டு வந்தா. கோயில் கொடைக்கு நடக்கிற வாலிபால் நைட் மேட்ச்சுல நீதான் மேல ஏறி நிக்கப்போறன்னு கேள்விப்பட்டேன். விதிப் புத்தகத்தை நெட்டுரு போட்டிருப்ப. நல்லது. அதை வீட்டுலயே வச்சிட்டு வா, வந்து கொஞ்சம் உக்காரு.

கோர்ட்டு நீளம் 18 மீட்டர், அகலம் 9, ஆம்பளையளுக்கு நெட் ஒசரம் 2.43. இதையெல்லாம் டேப் பாத்துக்கும், ஒனக்கு அதுல சோலி கெடையாது. கோட்டுல பந்து ஒரு மயிரிழை பட்டாலும் உள்ளதான், அதுவும் லேசு. நடுக்கோடுதான் வம்பு. கால்ல கொஞ்சமாவது கோட்டு மேலயோ, கோட்டுக்கு நேர் மேலயோ நின்னா தப்பு இல்லைன்னு புத்தகம் சொல்லுது. நம்ம சனத்துக்கு அது தெரியுமா? கட்டைவிரல் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாலே "காலு! காலு!"ன்னு ஊரே எந்திரிச்சிரும். நீ விசிலை வாயிலயே வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. அதைப் பாக்கதுக்குத்தான் கீழ ரெண்டாவது ரெஃப்ரின்னு ஒருத்தன் நிக்கான். திட்டுறவன் அவனையும் கொஞ்சம் திட்டட்டும்.

நெட்டைத் தொட்டது இருக்கே, அது பெரிய கூத்து. 2009-லருந்து மேல் பட்டையைத் தொட்டாத்தான் பெரும்பாலும் தப்புன்னு வச்சிருந்தானுவ. 2015-ல மறுபடி மாத்திட்டானுவ: பந்தை ஆடுற நேரத்துல ரெண்டு ஆன்டெனாவுக்கு நடுவுல எங்க தொட்டாலும் தப்பு. ஆனா பந்து நெட்டுல மோதி, அந்த நெட் போய் எதிராளி மேல பட்டா அவம் பேர்ல குத்தம் இல்லை. ஒவ்வொரு வயசுக்காரனும் அவனவன் ஆடுன காலத்து ரூலைத்தான் கத்துவான். கோபப்படாத. நாப்பது வயசுக்காரன் ஒரு ரூலு கத்துவான், அறுவது வயசுக்காரன் வேற ஒண்ணு கத்துவான். நீ நடப்பு ரூலை ஊது.

இப்பம் அசல் சங்கதிக்கு வாரேன். பந்தைப் பிடிக்கவோ எறியவோ கூடாதுன்னு ரூலு. எம்புட்டு நேரம் கையில நின்னா பிடிச்சதுன்னு எங்கயாவது போட்டிருக்கா? சர்வீஸுக்கு விசில் ஊதி 8 செகண்டுன்னு கணக்கு வச்சவன், இதுக்கு மட்டும் ஒண்ணும் வைக்கல. ஒங் கண்ணு தலையில கட்டிட்டுப் போயிட்டான். டபுள் டச்சும் அப்படித்தான். முதல் தடவை எடுக்கையில ஒரே அசைவுல ரெண்டு இடத்துல பட்டாலும் விட்டுரலாம். செட்டர் தூக்கும்போது பட்டா விசில். பந்து சுத்திக்கிட்டே போனா "டபுளு"ன்னு கத்துவானுவ. சுத்துறது தப்புன்னு புத்தகத்துல எந்த மூலையிலயும் இல்லை. நீ கையைப் பாரு, சுத்தலைப் பாக்காத. அமெரிக்காவுல காலேஜ் பொம்பளைப் பிள்ளையளுக்கு 2024-ல, ரெண்டாவது தொடுகையில டபுள் ஆனாலும் பந்து கூட ஆடுறவளுக்குப் போனாச் சரின்னு விட்டுட்டானுவ. ரெஃப்ரிமாரு தொல்லை பொறுக்க முடியாமயோ என்னமோ!

ஒரு விசயம் கேளு. பந்தியில வாளி தூக்குறவன் எல்லா எலைக்கும் ஒரே கரண்டி போட்டா, கொறச்சலா போட்டாலும் எவனும் எந்திரிச்சுப் போகமாட்டான். ஒங்க பெரியப்பன் எலையில ரெண்டு கரண்டி விழுந்தாத்தான் சண்டை. முதல் செட்டுல செட்டர் கையைப் பாத்துக் கண்டுக்காம விட்டியா? 24-24 ஆகையிலயும் அதே மாதிரி விடு. முதல்ல ஊதுனா கடைசியிலயும் ஊது. "கடைசிப் பாயிண்டு, பாவம்"ன்னு பாத்தியோ, தொலைஞ்ச.

1964-ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ். ஜப்பான் பொம்பளையளும் சோவியத் பொம்பளையளும், தங்கம் யாருக்குன்னு முடிவாகுற மேட்ச். ரெண்டு செட்டு ஜப்பானுக்கு. மூணாவதுல 14-13, தங்கம் வாசல்ல நிக்கி. அப்பம் சோவியத்துக்காரி கை நெட்டுக்கு மேல அந்தப் பக்கம் போயிருச்சு. ஊதிட்டாங்க! 15-13, ஆட்டம் முடிஞ்சுது. ஸ்மாஷ் கெடையாது, ஒண்ணும் கெடையாது. தங்கத்தை விசிலு முடிச்சு வச்சுது. நம்மூர்ல அப்படி ஒண்ணு நடந்தா கொடை முடியிற வரைக்கும் பஞ்சாயத்துதான்.

பேச்சு வார்த்தைக்கும் முறை உண்டு. ஒன்கிட்ட விளக்கம் கேக்க கேப்டனுக்கு மட்டுந்தான் உரிமை. திருப்தி இல்லன்னா, பெறகு ஸ்கோர் ஷீட்டுல எழுதிக்கிடலாம். இது புத்தகத்துல. நம்மூர்ல கேப்டன், கேப்டனோட மச்சான், மைக்குல கமென்ட்ரி சொல்லுதவன், கோப்பை வாங்கிக் குடுத்த காண்ட்ராக்டர், இந்த வரிசையில வருவாங்க. ஆடுறவன் வாய் விட்டா மஞ்சக் கார்டு இருக்கு, செவப்புக் கார்டு காட்டினா எதிராளிக்கு ஒரு பாயிண்டு. கோப்பை குடுத்தவருக்குக் காட்ட எந்தக் கலர்லயும் கார்டு கெடையாது, நல்லாத் தேடிப் பாத்துட்டேன்.

பிளாக்குல விரல் பட்டுச்சான்னு கண்டுபிடிக்கது கஷ்டம். ரியோவுல 2016 ஒலிம்பிக்ஸுக்கு வீடியோவே வச்சானுவ. நேஷன்ஸ் லீக்குல பட்டதைத் தானே ஒத்துக்கிடுதவனுக்குப் பச்சைக் கார்டு மரியாதைகூட உண்டாம். நம்ம பயலுவ? விரலு வீங்கியிருக்கும், படலைன்னு கோயில் பக்கம் திரும்பிச் சத்தியம் பண்ணுவான். அதனால பந்து பின்னாலயே அலையாம, அடிக்கப் போறான்னா பிளாக் போடுறவன் கையில கண்ணை வையி. ஒங் கண்ணு நெட்டுக்கு அரை மீட்டர் மேல இருக்கணும். கமிட்டிக்காரன் ஆடுற பெஞ்சைக் கொண்டாந்து போட்டா ஏறாத, நல்ல ஸ்டாண்டு கேளு.

இன்னொண்ணு. நாளைக்கு முதல் மேட்சுல ஒங்க சின்னையா மவன் ஆடுதான், அவன் செட்டரு. கை அவனுக்குக் கொஞ்சம் ஒட்டும், சின்ன வயசுலருந்தே அப்படித்தான். ஊதணும்னா ஊது. வீட்டுல சோறு கெடைக்கலைன்னா இங்க வா.

பைக்கை மட்டும் மைதானத்துக்குள்ள விட்டுராத. வெளிய, ரோட்டைப் பாக்கத் திருப்பி நிறுத்து. சாவி சட்டைப் பையில இருக்கட்டும்.