மாமாவைக் கேளுங்கள்: அழுக்கு, தீட்டு, கறை

கலவானப் பக்கத்துக் கடிதங்கள் இந்த வாரம் எல்லாம் அழுக்கைப் பற்றியே. மழை விடாத ஊர், வேறென்ன கேட்பார்கள்!

கே: 'தீட்டு' எங்கிருந்து வந்தது, மாமா?
ப: 'தீண்டு' என்பதிலிருந்து. தீண்டுவது என்றால் தொடுவது. யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'துடக்கு'க்கும் 'தொடு'தான் உறவு. இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விரல் இருக்கிறது, அழுக்கைக் காணோம்.

கே: மாதவிலக்கான பிள்ளையைத் தோட்டத்து லயத்தில் மூலையில் உட்கார வைக்கிறார்களே?
ப: அதே நாளில் பேர் போட்டு அவளைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பவும் செய்கிறார்கள். அவள் பறித்த கொழுந்தில் ஒட்டாத தீட்டு, சாமிப் படத்தில் மட்டும் ஒட்டுமா? பிள்ளைக்கு வயிற்றுவலி. சுடுதண்ணி வைத்துக் கொடுங்கள்.

கே: மாணிக்கக் குழிக்குப் பக்கத்தில் பெண்கள் போனால் 'கிலி' பட்டுவிடுமாம். அது என்ன?
ப: சிங்களத்தில் தீட்டு. தமிழில் பயம். வேர் வேறுதான், ஆனால் குழிக்காரரிடம் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கே: இரத்தினபுரி நீலக்கல் மாசு மறுவற்றது என்கிறார்களே, உண்மையா?
ப: மாசே இல்லாவிட்டால் அது நீலமாகவே இருக்காது! நீலக்கல் குருந்த வகை. வெள்ளைக்காரர் 'கொரண்டம்' என்று எழுதிக்கொண்டது நம் குருந்தத்தைத்தான். சுத்தக் குருந்தத்துக்கு நிறம் கிடையாது. கடுகளவு இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், குரோமியம் கலந்தால் சிவப்பு. இந்தக் கலப்புக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'மாசு'. வியாபாரி லட்சம் லட்சமாக விலை சொல்வது அந்த மாசுக்குத்தான்.

கே: எச்சில், எச்சம் – இரண்டும் ஒன்றா?
ப: இரண்டும் 'எஞ்சு' வீட்டுப் பிள்ளைகள். மிஞ்சியது என்று பொருள். வள்ளுவர் சொல்லும் எச்சம் ஒருவர் விட்டுச்செல்லும் பெயர். காக்கை கூரையில் விட்டுச்செல்வதும் எச்சம். விட்டது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: அழுக்காறு?
ப: பொறாமை. குறளில் 17ஆம் அதிகாரம் முழுக்க அதற்கு எதிராகத்தான். களுகங்கை பெருக்கெடுக்க மழை வேண்டும். இந்த ஆறு பெருக்கெடுக்கப் பக்கத்து லயத்தில் புதுத்தகரம் போட்டால் போதும்.

கே: டஸ்ட் தேயிலை குப்பைதானே?
ப: இல்லை. சலிக்கும்போது கடைசியாக விழும் பொடி, சாயம் சட்டென்று இறங்கும். 'குப்பை'யையும் கேவலமாக நினைக்காதீர்கள். பழந்தமிழில் அது குவியல். குவித்த நெல்லுக்குப் பெயர் நெற்குப்பை.

கே: ஆணவத்தை மலம் என்பது ஏன்?
ப: சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்களில் அதுதான் முதலாவது. மற்றவை கன்மம், மாயை. உடம்பு மலத்துக்குக் கக்கூஸ் கட்டலாம். ஆணவத்துக்கு யார் கட்டுவது?

கே: சாதியைச் சொல்லி, கோயிலுக்குள் வந்தால் தீட்டு என்கிறார்கள். என்ன செய்வது, மாமா?
ப: 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மகளே. சாதியைக் காட்டி வழிபாட்டைத் தடுப்பது குற்றம். நீங்கள் உள்ளே போவது குற்றமல்ல. யார், என்று, என்ன சொன்னார்கள் என்பதை எழுதிப் பொலிஸில் கொடுங்கள். எழுதச் சங்கடமாக இருந்தால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.