பிடோக்கில் கார் குளிக்கும் விதம்

பிடோக், சிங்கப்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும், உங்கள் வெள்ளை அம்பாசடரும் நலமா? நான் கார் வாங்கிய சேதி கேட்டு, வாசலில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். வாசல் இருந்தால்தானே! நான் குடியிருப்பது பதினோராவது மாடி. கார் குடியிருப்பது எதிரே அடுக்குமாடி நிறுத்துமிடத்தில், மாதம் 110 சிங்கப்பூர் வெள்ளி வாடகைக்கு.

காரின் விலையைக் கேட்காதீர்கள். அதை வைத்துக்கொள்ளும் உரிமைக்குத்தான் உயிர் போகிறது. 1990 முதல் இங்கே வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் சின்னக் கார் ரகத்துக்கே 1,06,000 வெள்ளிக்குப் போனது. நம்மூர்ப் பணத்தில் அறுபது லட்சத்துக்கு மேல். அதுவும் பத்து வருஷத்துக்குத்தான். அப்புறம் மறுபடி பணம் கட்டு, இல்லையென்றால் வண்டியை உடைக்கக் கொடு. நான் வாங்கியது பழைய வண்டி. ஜாதகம் பார்க்காமலே சாகிற தேதி தெரிந்த வாகனம்!

இத்தனை கொடுத்து வாங்கியதை ஆசை தீரக் கழுவலாம் என்றால், அதற்கும் ஆயிரம் யோசனை. நீங்கள் மோட்டாரைப் போட்டு ஹோஸைப் பிடித்தால் தண்ணீர் தெருமுனை வரை ஓடும். இங்கே அப்படி ஓடவிட்டால் என் காப்பியில்தான் வந்து விழும். இந்தத் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. தெருவோர வடிகால்களின் மழைநீரும் நீர்த்தேக்கம் போய்ச் சேரும். எங்கள் பிடோக் நீர்த்தேக்கமே மணல் தோண்டிய பள்ளம், 1986-இல்தான் ஏரியானது. சரி, சோப்புத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டுத் தப்பலாமா என்றால், கழிவுநீரைச் சுத்திகரித்துப் ‘புதுநீர்’ எடுக்கும் ஆலையை 2003-இல் திறந்ததும் இதே பிடோக்கில்தான்! அந்தப் புதுநீரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகும். வறட்சி வந்தால் நீர்த்தேக்கத்திலும் கலப்பார்கள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறதே, கணக்குப் பார்க்காமல் இருப்பார்களா?

அதனால் எங்கள் நிறுத்துமிடத்தில் காரைத் துடைக்க ஒரு சீனப் பெரியவர் விடியற்காலையில் வருவார். கையில் ஒரு வாளி, தோளில் ஈரத்துணி. கூரையில் தொடங்கி, கண்ணாடி, பானெட், பக்கக் கதவு என்று இறங்கி, கடைசியில்தான் சக்கரத்தைத் தொடுவார். துணியை நாலாக மடித்து, ஒவ்வொரு பக்கம் அழுக்கானதும் திருப்பிக்கொள்வார். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பார். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டால் இந்த ஊரில் அபராதம்.

பாலிஷ் வேலையை மட்டும் நானே செய்கிறேன். காரணம் மைனா. மரத்தடியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும், எச்சத்தால் கோலம் போட்டுவிடும். வெயிலில் அது காய்ந்தால் பெயின்டையே அரிக்கும். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்துத்தான் எடுக்கணும், சுரண்டினால் போச்சு. பிறகு நிழலில், பானெட் ஆறியபின், மெழுகைக் கொஞ்சமாகத் தொட்டு மெல்லிசாகத் தேய்க்கணும். நிறையப் பூசினால் நிறையப் பளபளக்கும் என்பது நம் குடும்ப நம்பிக்கை; நிறையத் துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எல்லாம் முடித்து நிமிர்ந்தால் மழை. சிங்கப்பூர் மேகம் என் மெழுகு டப்பாவுக்காகவே காத்திருக்கிறது போலும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மினுமினுப்புக்காக டீசல் தொட்டுத் துடைப்பதை நிறுத்துங்கள். அது தூசியைத்தான் கூப்பிட்டு உட்கார வைக்கும். போர் தண்ணீரைத் தானாகக் காயவும் விடாதீர்கள், உப்புப் புள்ளி விழும். பொங்கலுக்கு வரும்போது நல்ல மைக்ரோஃபைபர் துணி வாங்கி வருகிறேன். அதுவரை உங்கள் பழைய பனியன் அம்பாசடர் பக்கம் போகாமல் சித்தி பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்