பல்லிக்கும் காது உண்டு

கே: என் இகுவானாவுக்குக் காது மடலே இல்லையே, நான் கூப்பிடுவது கேட்குமா?

ப: மடல்தான் இல்லை, காது இருக்கிறது, கேட்கும். கண்ணுக்குப் பின்னால் வட்டமாக, மெல்லிய தோல்போலத் தெரிவதுதான் செவிப்பறை. அதற்குக் கீழே தாடையோரம் இருக்கும் பெரிய வட்டத்தைக் காது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் செதில்.

கே: எவ்வளவு கேட்கும்?

ப: நம் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. பெரும்பாலான பல்லி இனங்களுக்கு ஏறத்தாழ 100 முதல் 5,000 வரை. நாம் பேசும் பேச்சுக்கு இது போதும். குரல் கொடுக்கும் கெக்கோ இனங்களுக்குச் செவி இன்னும் கூர்மை. வீட்டுச் சுவரில் பல்லி சொல்வது உங்கள் பயணத்துக்குச் சகுனமல்ல, இன்னொரு பல்லிக்குச் சேதி!

கே: லெப்பர்ட் கெக்கோவின் ஒரு காதில் பார்த்தால் மறுகாதின் வெளிச்சம் தெரிகிறது. மூளை எங்கே போயிற்று?

ப: எங்கும் போகவில்லை, அந்தப் பாதைக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. இரு நடுச்செவிகளும் வாய்க்குழி வழியாக இணைந்தவை. ஒரு பக்கம் நுழையும் ஒலி, மறுபக்கச் செவிப்பறையை உள்ளிருந்தும் தொடும். அந்த அழுத்த வேறுபாட்டால்தான் இவ்வளவு சின்னத் தலைக்கும் ஒலி வந்த திசை பிடிபடுகிறது.

கே: பட்ஸ் வைத்துக் குடையலாமா?

ப: கூடவே கூடாது. செவிப்பறை வெகு அருகில் இருக்கிறது, கிழிந்துவிடும். சட்டை உரிக்கும்போது காதோரம் பழைய தோல் ஒட்டிக்கொண்டால், ஈரப் பாசி போட்ட மறைவிடம் ஒன்றைக் கூண்டுக்குள் வையுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் கால்நடை மருத்துவர் எடுக்கட்டும்.

கே: வீட்டில் இருக்கும் காது சொட்டுமருந்து விடலாமா?

ப: வேண்டாம். ஊர்வனவற்றின் சீழ் நமக்குப்போல வடியாது, கெட்டியாக இறுகிவிடும். சொட்டுமருந்தால் அது கரையாது, மருத்துவர்தான் அகற்ற வேண்டும். காதோரம் வீக்கம், ஊரும் சிறு உண்ணிகள், ஒரு பக்கம் சாயும் தலை ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கே: டிவிக்குப் பக்கத்தில் கூண்டு இருக்கலாமா?

ப: காட்டில் இரைச்சல் கேட்டால் ஓடிவிடும், கூண்டில் எங்கே ஓடும்? அதிர்வும் அதன் உடம்புக்குத் தெரியும். டிவி, ஸ்பீக்கர், மிக்சி எதுவும் இல்லாத அறையைக் கொடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் இரு காதையும் தொடாமல் பாருங்கள். பாதிப் பராமரிப்பு அதிலேயே முடிந்துவிடும்.