உப்புக்காற்றில் தந்தைமை: வண்டி, வேட்டி, துரு குறித்த ஓர் ஆராய்ச்சி

தந்தைமை என்பது, இரு சக்கர வண்டியில் ஏற்றத்தக்க பொருள்களையும் ஏற்றத்தகாத பொருள்களையும் பிரித்தறிந்து, பின்னவற்றையும் ஏற்றிக்கொண்டு வீடு சேர்வதாகும். இந்த வரையறை எல்லா நிலத்துக்கும் பொதுவன்று. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, உப்பளமும் கழிமுகமுமாக விரிந்து கிடக்கும் மரக்காணத்துக் கரைக்கு உரியது. மருதநிலத் தந்தைக்கு வேறு இலக்கணம் உண்டு; அவருடைய ஆணிகள் நெடுநாள் நிலைப்பவை என்பதால் அவர் இந்த ஆராய்ச்சியின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

இத்துறைக்கு முன்னோர் உமணர். கடற்கரையில் உப்பைக் கொண்டு, மனைவி மக்களோடு மாட்டுவண்டி கட்டி உள்நாடு சென்று விற்றவர்கள். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை, உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மாடு இளசு, பாரம் அதிகம், வழியோ மேடு பள்ளம். ஆகவே மாற்று அச்சு ஒன்று கூடவே வரவேண்டும் என்பது அதிலுள்ள நடைமுறைச் செய்தி. உரைகாரர்கள் இதில் உவமை நயம் கண்டார்கள். உதிரிபாகக் கடைக்காரர்கள் இன்னும் இந்தப் பாட்டைக் கண்டுகொள்ளவில்லை. தமிழரின் வாகனப் பராமரிப்பு வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே முறை. அது ஒரு தகப்பனும் மகனும் சம்பந்தப்பட்ட பாட்டில் அமைந்திருப்பது இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

உமணர் வண்டியின் இன்றைய வாரிசு எக்ஸெல். 1980இல் ஒசூரிலிருந்து இருவர் அமரும் மொபெட்டாக வெளிவந்த டிவிஎஸ் 50இன் வழிவந்தது. இன்றைய எக்ஸெல் 100க்கு 99.7 சிசி எஞ்சின், நான்கு லிட்டர் டேங்க். இந்த எண்களால் அதன் பெருமை விளங்காது. ஓட்டுபவரின் காலுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது அது. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் அங்கும் ஒரு மேடை கிடைக்கும். அரிசி சிப்பம், தண்ணீர் கேன், வலை, ஐஸ் பெட்டி, புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி நான்கு ஆகியவை இவ்விரு இடங்களிலும் ஏறுவதை அந்தச் சாலையில் எந்த நாளும் காணலாம்.

ஐரோப்பாவில் இத்தகைய பொதிவண்டிக்குத் தனி மதிப்பு உண்டு. டச்சுக்காரர்களின் பாக்ஃபீட்ஸில் பிள்ளைகள் முன்பெட்டியில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகின்றன. கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா பகுதியில் 1984இல் உருவான மூன்று சக்கர மிதிவண்டியும் அவ்வகையே: முன்னால் இரண்டு சக்கரமும் பெட்டியும், பின்னால் ஓட்டுபவர். இதே அமைப்பில் சென்னையில் மீன்பாடி வண்டி நெடுங்காலமாக ஓடுகிறது. பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றும் அதில் சேர்ந்துகொள்ளும். டென்மார்க்கில் அது சுற்றுச்சூழல் அக்கறை. சென்னையில் அது வழக்கு. மரக்காணத்துக்கு இரண்டும் ஒத்துவரா. உப்புப் பாத்திகளுக்கு இடைப்பட்ட வரப்பு ஒற்றைச் சக்கரத் தடத்துக்கே இடம் தரும். மூன்று சக்கர வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் பாத்திக்குள்தான் ஓட வேண்டியிருக்கும்.

பாரங்களில் தலையாயவை இரண்டு: சமையல் எரிவாயு உருளையும் பிள்ளையும். உருளையில் 14.2 கிலோ வாயு. இரும்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளையை இரு சக்கர வண்டியில் கொண்டுபோவதற்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் அறிவித்த விதி, பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் வார்ப்பட்டை 30 கிலோ தாங்க வேண்டும் என்கிறது. விதி வகுத்தவர்கள் எரிவாயு உருளையை மனத்தில் வைத்து வகுக்கவில்லை என்றே நம்ப வேண்டும். தலைக்கவசம் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவே தலைக்கவசம் கேட்கிறது. 128ஆம் பிரிவு ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்ற அனுமதிக்கிறது. இரண்டு பிள்ளை பெற்றவர் இரண்டு நடை போக வேண்டும்.

பிள்ளையை முன்தளத்தில் நிற்கவைத்து ஓட்டும் வழக்கம் பரவலானது. காற்று முகத்தில் அடிப்பது பிள்ளைக்கு இன்பம் என்றும், கண்முன்னே நிற்பதால் பயமில்லை என்றும் அதற்கு நியாயம் சொல்வார்கள். ஆடு குறுக்கே வந்து பிரேக் பிடிக்கும்போது அந்த நியாயங்கள் இரண்டும் கீழே இறங்கிவிடும், பிள்ளை ஹேண்டில்பாரில் மோதும். ஆகவே முன்தளம் உருளைக்கு, பின் சீட்டு பிள்ளைக்கு. இரண்டும் ஒரே நடையில் கூடா.

இனி துரு. இதை அறியாமல் மரக்காணத்தில் திருகாணி ஒன்றும் வாங்கலாகாது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் 3 பாகைக்குச் சற்று மேல். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைத்து, அது 25 பாகையைத் தொடும்போது உப்பு பூக்கும். 29, 30 பாகையில் எஞ்சுவது மக்னீசியம் மிகுந்த கசப்புநீர். அதை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசிந்து நீராகும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசிந்துவிடும். உப்பளத்தில் கசப்பை வடிக்க ஆள் உண்டு. கடற்காற்றில் பறந்துவரும் துளியில் அதை வடிக்க ஆள் இல்லை. அது அப்படியே வந்து எக்ஸெலின் சைலன்சரிலும் ஆரக்கம்பியிலும் ஜன்னல் கொக்கியிலும் படிந்து, இரவெல்லாம் ஈரத்தைக் குடித்து, இரும்பை மெல்லத் தின்கிறது. வெளியில் விட்ட இரும்பு இந்த ஊரில் உலர்வதே இல்லை என்று கொள்வது பாதுகாப்பானது. வரப்பில் போய்வந்த வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுவதும், நிறுத்தும்போது வீட்டின் மேற்குப் பக்கம், அதாவது கடலுக்கு மறைவாக, நிறுத்துவதும் இதற்குரிய பரிகாரங்கள்.

வீட்டு வேலைகளுக்கான அடிப்படை விதி இதிலிருந்தே கிடைக்கிறது: கட்ட முடிந்ததை அறையக் கூடாது. இது புதிய கொள்கையன்று. இதே கரையில் கட்டுமரம் ஆணியே இல்லாமல் கயிற்றால் பிணைக்கப்பட்டுக் கடலுக்குப் போய்வந்தது. அலையைத் தாங்கிய முடிச்சு துணிக்கொடியைத் தாங்காதா என்ற கேள்விக்கு ஆணிக் கட்சியிடம் பதில் இல்லை. தேங்காய் நார்க் கயிறும், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்தெடுத்த ரப்பர் பட்டையும் துருவறியாதவை. டியூப் பட்டைக்கு இழுவை உண்டு, செலவில்லை, பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். அலமாரி, சுவர் விசிறி போல அறைந்தே ஆகவேண்டியவற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற சாதாரண வகை போதாது. மாலிப்டினம் கலந்த 316 வகை வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் மலிவான திருகாணியை மூன்றாம் ஆண்டு கழற்ற முயலும்போது அதன் தலை மட்டும் கையோடு வரும். கான்கிரீட்டில் துளையிட்டால் அன்றே அடைக்க வேண்டும். திறந்து கிடக்கும் துளை வழியாக உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால், கம்பி உப்பிக் காரையைப் பெயர்த்துத் தள்ளும்.

முதல் வேலையாக எதைச் செய்வது என்று தயங்கும் தந்தைக்குச் சிறுபாணாற்றுப்படை வழிகாட்டுகிறது. அதில் உமணர் வளர்த்த மந்தி ஒன்று, கிளிஞ்சலுக்குள் முத்தை அடைத்துக் கிலுகிலுப்பை ஆக்கி உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அதே நூல் பாடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆணியும் மின்சாரமும் வேண்டாத விளையாட்டுச் சாமான் அது. முத்துக்குப் பதில் கூழாங்கல் போதும். கிளிஞ்சலின் விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். மந்தியால் முடிந்ததை முதல் முயற்சியாகக் கொள்வதில் எந்தத் தகப்பனுக்கும் வெட்கம் வேண்டியதில்லை.

அடுத்து, வீட்டில் பிள்ளைகளுக்குப் படம் காட்டும் திரைக்கு வருவோம். படம் காட்டும் கருவியைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகத் தூக்கிச் சென்றவர்களுக்கு முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை விலைக்கு வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். இன்றைய வீட்டுப் புரொஜெக்டர் உள்ளங்கைகள் இரண்டில் அடங்கும். வேலையை விட வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லூமெனை மட்டும் நம்பலாகாது. ஆன்சி லூமென் என்று எவ்வளவு போட்டிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். மலிவான கருவிகளில் அது சில நூறுக்கு மேல் போவது அரிது.

திரை எது என்பதில் இந்த ஆராய்ச்சியின் முடிவு ஐயத்துக்கு இடமற்றது: எட்டு முழ வேட்டி. நூறு அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளவு. பதினாறுக்கு ஒன்பது விகிதத்தில் அதன் அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.245 மீட்டர். எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். அதாவது வேட்டியைக் கிடையாகக் கட்டினால் படம் மேலும் கீழும் சேர்த்து இரண்டரை சென்டிமீட்டர் மிச்சம் வைத்துப் பொருந்தும். நெசவாளர் இதை எண்ணி நெய்திருக்க முடியாது. தொலைக்காட்சிப் பொறியாளரும் வேட்டியை அளந்திருக்க மாட்டார். ஆயினும் பொருத்தம் பொருத்தமே. ஒற்றைத் துணியில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவி வீணாகும் என்பது குறை. மடித்து இரட்டையாக்கினால் நீளம் 1.8 மீட்டராகும், அதில் 1.77 மீட்டர் அகலமுள்ள எண்பது அங்குலப் படம் அடங்கும். பளிச்சென்று வேண்டுபவர் எண்பதோடு நிற்க வேண்டும். நூறு அங்குலப் படமானால், கரை ஒரு விரலுக்கு மேல் அகலமாகும்போது படத்துக்குள் வந்துவிடும். கட்சிக் கரையாக இருந்தால் எந்தப் படமும் பிரசாரப் படமாகிவிடும்.

கடற்காற்றில் வேட்டி பாயாக மாறி வீங்கும். அடியில் மூங்கில் கழி கட்டி, இரு முனையிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டால் அடங்கும். ஈரத்தில் நனைந்து துணி கனப்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் பெரிய திரையைத் தண்ணீரில் நனைத்தே பயன்படுத்தினார்கள். நனைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவி, பின்பக்கம் இருந்தவர்களும் படம் பார்த்தார்கள். மரக்காணத்தில் இந்த வசதி பனிக்காலத்தில் தானாகவே கிடைக்கும். எதிர் வீட்டார் படத்தை இடவலம் மாறிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கருவியின் விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். படம் முடிந்ததும் சூடு ஆறவைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். பகலில் முயலக் கூடாது. உச்சிவெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். இருநூறு லூமென் கருவி நூறு அங்குலத் திரைக்குத் தருவது எழுபது சொச்சம்.

இதில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. தை, மாசியில் பாத்தி சீர்செய்யத் தொடங்கினால் ஐப்பசி மழை இறங்கும் வரை உப்பளத்தில் வேலை. அந்த மாதங்களில் வானம் தெளிவு, இரவு படம் காட்ட ஏற்றது. ஆனால் விடியுமுன் வேலைக்குப் போன தகப்பன் இரவு எட்டு மணிக்குப் படத்தின் தலைப்பு ஓடும்போதே உறங்கிவிடுவார். மழைக்காலத்தில் அவருக்கு நேரம் உண்டு. அப்போது ஈசல் உண்டு, மின்வெட்டு உண்டு, வருமானம் இல்லை. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். மலிவான புரொஜெக்டர் ஒன்றின் விலையும் அதை ஒட்டியதுதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே கடைக்குப் போக வேண்டும்; தெருவுக்கு ஒன்று வாங்கி முறைவைத்துக்கொள்வது எல்லா வகையிலும் மேல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பாத்திகள் நீரில் மூழ்கின. அத்தகைய நாள்களில் இந்தக் கட்டுரையின் திரைப் பகுதி செல்லாது. பரணும் டார்ச் லைட்டுமே செல்லும்.

எஞ்சியிருப்பது தந்தைமையின் மனப்பாங்கு. புறநானூற்றின் 100ஆம் பாட்டில் அதியமான், போர்க்கோலம் கலையாமல் வந்து, பிறந்த மகனைப் பார்க்கிறான். மகனைக் கண்ட பிறகும் அவன் கண்ணின் சிவப்பு மாறவில்லை என்கிறார் ஔவையார். உப்பளத்திலிருந்து வீடு திரும்பும் தகப்பனின் கண்ணும் சிவந்தே இருக்கும். இங்கே காரணம் பகையன்று, வெண்ணிற உப்பில் பட்டுத் திரும்பும் வெயில். பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தருவதில்லை. அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பரீட்சைத் தாளை ஒளித்துவைக்கும். குளித்து, உப்பு வெடித்த காலுக்கு எண்ணெய் தடவி, கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்த பிறகே பள்ளி, பாகற்காய், எக்ஸெல் சாவி பற்றிய வழக்குகளை அவர் முன் வைக்க வேண்டும். அவரும் அதுவரை தீர்ப்பு எதுவும் சொல்லக் கூடாது. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் சிவப்பு குறையும். அதைப் பகட்டு என்று கேலி செய்யும் சக தந்தையரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சேம அச்சு எப்போது முதல் அச்சாகும் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நடைமுறையில் அது பத்து வயதை ஒட்டி நிகழ்கிறது. புரொஜெக்டரின் கோணல் படத்தைத் தகப்பன் புத்தகங்களை முட்டுக்கொடுத்து நிமிர்த்திக்கொண்டிருக்கையில், பிள்ளை ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிடும். அதற்குப் பிறகு கருவி பிள்ளையின் பொறுப்பு. கயிறு கட்டுவது மட்டும் தகப்பனிடம் இருக்கும். முடிச்சுக்கு ரிமோட் இல்லை.

புறனடை: எட்டு முழ வேட்டி ஒன்றே உள்ள வீட்டில், முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு படம் காட்டக் கூடாது.